ஒரு டாலருக்குப் போன கிருஷ்ணர்

கேள்வி: தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பல வருடமாக வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். தெரிந்தவர்கள், கொலுவுக்கு வருகிறவர்கள் என்றுதான் இதுவரை விற்பனை. அக்கா மகன் ஈபேயில் கணக்குத் திறந்து, 15-க்கு 12 அங்குல வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் ஒன்றை ஏழு நாள் ஏலத்தில் போட்டான். “99 சென்ட்டில் ஆரம்பித்தால்தான் கூட்டம் வரும் சித்தி” என்றான். அமெரிக்காவிலிருந்து ஒரே ஒருவர் கேட்டார், 99 சென்ட்டுக்கே முடிந்துவிட்டது. பணமும் கட்டிவிட்டார். படம் உடைந்துவிட்டது என்று சொல்லி ரத்து செய்துவிடலாமா? அடுத்த தடவை சொந்தக்காரர்களை விட்டுக் கேட்க வைத்தால் விலை ஏறும் என்கிறான். அது சரியா? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு முகநூல் குழுவில் நடந்த ஏலத்தில் ‘பழைய தஞ்சாவூர் ஓவியம், முழுக்கக் கைவேலை’ என்று 4,200 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். வந்த பிறகு பார்த்தால் முகமெல்லாம் பிரிண்ட், மேலே ரேக்கு என்கிற பொன்னிறத் தாள் மட்டும் ஒட்டியிருக்கிறது. ஏமாந்தது ஏமாந்ததுதானா? கைவேலைக்கு இந்த ஏலமெல்லாம் ஒத்துவருமா, இல்லை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

படத்தை அனுப்பிவிடுங்கள். நாள் ஓடிக்கொண்டிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலம் முடிந்து ஒருவர் ஜெயித்துவிட்டால், பணம் கட்டுவது அவர் கடமை என்பதைப் போலவே பொருளைக் கொடுப்பது உங்கள் கடமை. உடைந்துவிட்டது என்று எழுதினால் என்ன ஆகும்? அவருக்குப் பணம் திரும்பப் போகும், யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் ‘பொருள் இல்லை’, ‘சேதமாகிவிட்டது’ என்று விற்பவரே ரத்து செய்வதை ஈபே உங்கள் கணக்கில் ஒரு குறையாகப் பதிந்துகொள்ளும். நேற்றுத் திறந்த கணக்கு, முதல் விற்பனையிலேயே ஒரு குறை, அதன் கீழே வாங்கியவரின் காட்டமான ஒரு வரி. அடுத்து உங்கள் படத்தைப் பார்க்க வருகிறவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

“கூடக் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்” என்று அவருக்குத் தனியாக எழுதவும் வேண்டாம். தபால் செலவு அக்கா மகன் போட்டதைவிட அதிகமாக ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கட்டி அனுப்பினால் இந்த நஷ்டத்தில் உங்களுக்கு மிஞ்சக்கூடியது ஒரு நல்ல மதிப்புரை. புதுக் கணக்குக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, 99 சென்ட்டில் ஏன் நின்றது? இந்த ஏலத்தில் கேட்பவர் தன்னுடைய உச்ச விலையை ரகசியமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவருக்குப் பதிலாகத் தளமே படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும். ஜெயிப்பவர் தன் உச்ச விலையைக் கொடுப்பதில்லை, இரண்டாவது ஆளின் உச்ச விலைக்கு மேல் ஒரு படி கொடுத்தால் போதும். உங்கள் கிருஷ்ணருக்கு அந்த அமெரிக்கர் மனசுக்குள் 90 டாலர் வைத்திருந்திருக்கலாம். இன்னொருவர் வந்து 40 டாலர் வரை கேட்டிருந்தால் 41-க்கு முடிந்திருக்கும், ஏனென்றால் 25 டாலருக்கு மேல் 100 டாலருக்குள் ஒரு படி என்பது ஒரு டாலர். இரண்டாவது ஆளே வராததால் ஆரம்ப விலையே கடைசி விலை ஆகிவிட்டது. அவர் உங்களை ஏமாற்றவில்லை. இந்த முறையின் கணக்கே அப்படி. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-லேயே இதை அலசி எழுதி, 1996-ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்னபடி பார்த்தால் கேட்பவர் தன் மனதில் உள்ள விலையை ஒளிக்காமல் சொல்வதுதான் அவருக்கே நல்லது. ஆனால் அந்தக் கணக்கில் இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

உங்கள் அக்கா மகன் சொன்னது முழுப் பொய் இல்லை. பழைய நாணயம், தபால்தலை, செல்போன் மாதிரி ஒரே நேரத்தில் நூறு பேர் தேடுகிற பொருளுக்கு 99 சென்ட் ஆரம்பம் பலிக்கும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலம் ஏன் நடக்கிறது? வியாபாரிகள் விடியற்காலையிலேயே கூடையோடு வந்து நிற்கிறார்கள், மீனும் வெயில் ஏறினால் நிற்காது. உங்கள் படம் கெட்டுப்போகிற சரக்கு இல்லை, அதற்காகக் கூடையோடு யாரும் காத்திருக்கவும் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தைத் தேடி வருகிறவர்கள் உண்டு, நல்ல விலை கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் இன்றைக்கு ஒருவர், பத்து நாள் கழித்து ஒருவர் என்று வருவார்கள். குறிப்பிட்ட ஒரு ஏழு நாளுக்குள் இரண்டு பேர், அதுவும் ஒரே படத்துக்கு, அதுவும் ஒரே அளவில் ஆசைப்பட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சூதாட்டம்தான்.

கைவேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இது: திரும்பச் செய்யக்கூடியதை ஏலத்தில் போடாதீர்கள். வெண்ணெய்க் கிருஷ்ணரை நீங்கள் இன்னும் இருபது தடவை வரைவீர்கள். அது ஒருமுறை என்ன விலைக்குப் போனது என்பது ஊருக்கே தெரிந்துவிடும், ஏனென்றால் விற்று முடிந்தவற்றின் விலையைத் தனியாக வடிகட்டிப் பார்க்க ஈபேயிலேயே வசதி இருக்கிறது. அனுபவமுள்ள வாங்குபவர்கள் அதைப் பார்க்காமல் பணம் கட்ட மாட்டார்கள். அடுத்த மாதம் அதே கிருஷ்ணருக்கு நீங்கள் 110 டாலர் போட்டால், “போன மாதம் ஒரு டாலர்தானே?” என்று நினைப்பார்கள். அதனால் இப்போதைக்கு கிருஷ்ணரை விட்டு வேறு படங்களை நிலையான விலையில் போடுங்கள். மூன்று மாதம் போகட்டும், விற்றவை என்று அங்கே காட்டுகிற பட்டியலிலிருந்து இது நகர்ந்துவிடும்.

110 என்று சும்மா சொல்லவில்லை. பலகை, துணி, கல், 22 காரட் ரேக்கு, வண்ணம் எல்லாம் சேர்ந்து இந்த அளவுக்கு 2,550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டி அனுப்பும் சாமான்களுக்கு 450. எட்டு நாள் வேலை, நாளுக்கு 600 ரூபாய்தான் போடுகிறேன், 4,800. மொத்தம் 7,800. சித்தாளுக்குக் கொடுக்கிற கூலியைக்கூட உங்கள் கைக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள், இருந்தாலும் கணக்குக்காக இதோடு போகலாம். தபாலுக்கு 25 டாலர் வாங்குபவரிடம் தனியாக வாங்குகிறீர்கள். தளத்தின் கட்டணமும் பணம் மாற்றும் செலவும் சேர்த்து 15 சதவீதம் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டணம் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையின் மேல் பிடிக்கப்படும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். டாலர் 90 ரூபாய் என்றால், 110 டாலருக்கு விற்றால் மொத்தம் 135, கழிவு போக 114.75, அதாவது சுமார் 10,330 ரூபாய். தபாலுக்கு 2,250 போனால் கையில் 8,080. லாபம் என்று சொல்ல 280 ரூபாய். இதற்கு ரொம்பக் கீழே போனால் உங்களுக்குக் கட்டாது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்துக்கு ஒருநாள் போய் இதே அளவுப் படங்களின் விலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளூரில் என்ன விலை என்று தெரியாமல் வெளிநாட்டு விலை போட முடியாது.

நிலையான விலைக்கு ஈபேயும் இடம் கொடுக்கிறது. எட்சி என்ற தளம் கைவினைப் பொருளுக்கென்றே 2005-ல் வந்தது, அங்கே ஏலமே கிடையாது. அங்கே இந்திய விற்பனையாளர்களுக்கு இப்போது என்ன விதி என்பதைக் கணக்குத் திறக்கும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏலத்தை விட்டுவிடலாமா என்றால், முழுக்க விட வேண்டாம். ஒன்றே ஒன்று என்று இருக்கிற படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறைப்படி பலாப்பலகையில் செய்து பார்த்தது, ஆறு மாதம் உட்கார்ந்து முடித்த பெரிய ராமர் பட்டாபிஷேகம், வழக்கத்தில் இல்லாத ஒரு உருவம், இப்படி விலை இவ்வளவுதான் என்று நீங்களே அடித்துச் சொல்ல முடியாதவை. அதற்கும் நிலையான விலைக் கடை ஓடத் தொடங்கி, உங்களைப் பின்தொடர்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்த பிறகுதான். ஆரம்ப விலையை, அதற்கே போனாலும் தூக்கம் கெடாத இடத்தில் வையுங்கள். ‘ரிசர்வ்’ என்று மறைவான குறைந்தபட்ச விலை வைக்கலாம், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது தெரிந்ததும் பலர் விலகியும் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆரம்ப விலையையே நேர்மையாக வைப்பது மேல்.

நேரமும் முக்கியம். ஏலம் எந்த நொடி ஆரம்பித்ததோ அதே நொடியில்தான் முடியும், கடைசி நிமிடத்தில்தான் சண்டை நடக்கும். உங்கள் கிருஷ்ணரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருந்தால், அது முடிந்தபோது அமெரிக்கா தூங்கிக்கொண்டிருந்திருக்கும். நம் திங்கட்கிழமை காலை 6:30 என்பது கோடையில் நியூயார்க்கில் ஞாயிறு இரவு 9 மணி, கலிபோர்னியாவில் மாலை 6. ஏழு நாள் ஏலத்தை அந்த நேரத்தில் ஆரம்பியுங்கள், அந்த நேரத்திலேயே முடியும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சொந்தக்காரர்களை விட்டுக் கேட்க வைப்பது. வேண்டவே வேண்டாம். இதற்கு உங்கள் தொழிலிலேயே ஒரு கதை இருக்கிறது. 2000-ல் அமெரிக்காவின் சேக்ரமெண்டோவில் கென்னத் வால்டன் என்ற வக்கீல் ஒரு ஓவியத்தை 25 சென்ட் ஆரம்ப விலையில் ஈபேயில் போட்டார். யார் வரைந்தது என்று தெரியாதவர் மாதிரி எழுதினார், ஆனால் ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற பெரிய ஓவியருடைய படமோ என்று பார்ப்பவர் நினைக்கும்படி ஓரத்தில் ஆர், டி என்ற எழுத்துகள் இருந்தன. அவரும் கூட்டாளிகளும் வேறு வேறு பெயரில் விலையை ஏற்றினார்கள். 1,35,805 டாலருக்குப் போனது. செய்தித்தாளில் வந்ததும் விசாரித்த ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது, பிறகு எஃப்பிஐ வந்தது. 2001-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், வக்கீல் தொழிலும் போனது. உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் நாற்பது டாலர் கேட்பதற்கும் இதற்கும் தொகையில்தான் வித்தியாசம், செயல் ஒன்றுதான். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து, ஒரே முகவரியிலிருந்து கேட்பதெல்லாம் தளத்துக்குத் தெரியும். கணக்கை மூடிவிட்டால் அதற்குப் பிறகு உங்கள் பெயரில் இன்னொன்று திறப்பது பெரும் பாடு. பணக் கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான். நிஜமாக வாங்க வந்தவர் விலகிவிட்டால் அண்ணனே ஜெயித்து நிற்பார், கட்டணப் பஞ்சாயத்து உங்கள் தலையில்.

அக்கா மகன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். நீங்கள் அனுப்பிய பக்கத்தின் தலைப்பில் ‘ஆன்டிக்’ என்ற சொல் இருக்கிறது. தேடலில் மேலே வரட்டும் என்று போட்டிருப்பான். இனிமேல் அந்தச் சொல்லே வேண்டாம் என்று சொல்லுங்கள். போன மாதம் காய்ந்த படத்தைப் பழமையானது என்று எழுதுவது வாங்குபவருக்குச் செய்கிற மோசடி என்பது ஒரு பக்கம். நம் ஊரில் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத ஓவியத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சுங்க அதிகாரி அந்தச் சொல்லைப் பார்த்தால், இது பழையதில்லை என்று நிரூபிக்கிற வேலை உங்களுடையது. தொல்லியல் துறையிடம் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். ஏற்கெனவே விற்றுப்போன கிருஷ்ணர் பார்சலில் புதிய படம், நீங்களே வரைந்தது, எந்த ஆண்டு என்று தெளிவாக எழுதுங்கள். தலைப்பில் தஞ்சாவூர் என்பதோடு டேன்ஜோர் என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேருங்கள். வெளிநாட்டில் பலர் தேடுவது அந்தப் பெயரில்தான்.

படம் எடுத்த விதத்தையும் பார்த்தேன். ஃபிளாஷ் போட்டு நேரே எடுத்திருக்கிறான். ரேக்கு முழுக்க வெள்ளையாக வெளிறி, மக்கு வேலை, அதாவது பசைக் கலவையால் மேடாக்கிய இடம், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்றே தெரியவில்லை. உங்கள் எட்டு நாள் உழைப்பில் பாதி அந்த மேட்டில்தான் இருக்கிறது. காலை ஏழு, எட்டு மணி வெயில் சாய்வாக விழுகிற ஜன்னல் ஓரத்தில் படத்தைப் படுக்க வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் கிருஷ்ணரின் கழுத்து மாலையில் உள்ள ஒவ்வொரு மணிக்கும் தனி நிழல் விழும், கிரீடத்தின் விளிம்பு எழுந்து நிற்கும், கல்லைச் சுற்றிய மக்கு வளையம் தெரியும். அந்த நிலையில் மேலிருந்து ஒன்று, பலகையின் ஓரத்தோடு கண் மட்டத்தில் ஒன்று, முகத்தை மட்டும் நெருங்கி ஒன்று, பின்பக்கம் ஒன்று. கையில் பிடித்து மெதுவாகச் சாய்க்கிற பத்து நொடி வீடியோவும் போடுங்கள். ரேக்கு ஒட்டுவதற்கு முன்னால், மக்கு மட்டும் வெள்ளையாக இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வரட்டும். நாளைக்கு யாராவது இது பிரிண்டா என்று கேட்டால் அதைவிட நல்ல பதில் இல்லை.

அனுப்பும்போது கண்ணாடியும் சட்டமும் வேண்டாம். எடையும் கூடும், உடையவும் செய்யும். போகிற ஊரில் அவர் சட்டம் போட்டுக்கொள்வார். படத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர். பபிள் ராப்பை நேராக ரேக்கின் மேல் சுற்றினால், பெட்டி வெயிலில் கிடக்கும்போது குமிழ்கள் அழுந்தித் தடம் விழும். அதற்கு மேல் மெல்லிய ஃபோம் தாள், இரண்டு பக்கமும் பிளைவுட் துண்டு, மூலைகளுக்கு அட்டை, பிறகு பபிள் ராப், பிறகுதான் பெட்டி. கடையில் பழைய பெட்டி வாங்காதீர்கள். தெறித்தால் வேண்டியிருக்கும் என்று நாலைந்து கற்களை ஒரு சின்ன உறையில் போட்டுப் பின்பக்கம் ஒட்டி அனுப்புகிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. விற்பனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஏற்றுமதிதான், சிறிய தொகை என்றாலும். பான் எண்ணை வைத்து ஐஇசி எனப்படும் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் அது முடங்கிவிடும். ஜிஎஸ்டியில் உங்களுக்கு என்ன பொருந்தும் என்பதை ஒரு ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெரிய தபால் நிலையங்களில் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்று ஏற்றுமதி மையங்கள் வைத்திருக்கிறார்கள், 2022-லிருந்து நடக்கின்றன. சுங்கத்துக்கான படிவத்தை அங்கேயே போட்டுவிடலாம். 2 கிலோவுக்குள் என்றால், போகிற வழியைத் தெரிந்துகொள்ளக்கூடிய பாக்கெட் சேவை ஒன்று இருக்கிறது. ஸ்பீடு போஸ்ட்டைவிட அது கட்டும்.

அமெரிக்காவுக்கு என்றால் ஒரு எச்சரிக்கை. முன்பு 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு அங்கே சுங்க வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29-லிருந்து அந்தச் சலுகை போய்விட்டது. நம் தபால் துறையே சில வாரம் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. வரி விகிதம் அதற்குப் பிறகும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதனால் விலை போடும் அன்றைக்கே தபால் நிலையத்தில் கேளுங்கள், வரி யார் தலையில் என்பதையும் விளம்பரத்திலேயே எழுதுங்கள். சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர் எப்படி இருக்கிறது என்பதும் காசுதான். முழுக்கக் கையால் வரைந்த ஓவியம் சுங்க வரிப் பட்டியலில் 9701 என்ற தலைப்பில் வருகிறது. கையால் அலங்கரித்த தயாரிப்புப் பொருள் என்று ஆகிவிட்டால் அந்தத் தலைப்புக்கு வெளியே போய்விடும். கல்லும் மக்கும் சேர்ந்த உங்கள் படத்தைப் பொதுவாக ‘ஹேண்டிகிராஃப்ட்’ என்று எழுதி அனுப்பும் முன், எந்தத் தலைப்பு பொருந்தும் என்று ஒரு சுங்க முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் ஏமாந்த கதை. 4,200 ரூபாயை நீங்களே யுபிஐயில் அனுப்பியிருப்பதால் வங்கி அதைத் தானாகத் திருப்பாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. விற்றவர் ‘முழுக்கக் கைவேலை’ என்று எழுதியது, குழுவில் நடந்த உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் பிரித்த படங்கள் எல்லாவற்றையும் அவர் அழிப்பதற்குள் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு குழு நடத்துகிறவரையும் சேர்த்து, பொருளைத் திருப்பி அனுப்புகிறேன், பணம் வேண்டும் என்று தேதி குறித்து எழுதுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், குழுவில் பெயர் கெடுவதை விற்பவர்கள் விரும்ப மாட்டார்கள். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. அவர் இதைத் தொழிலாகவே செய்கிறார் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலம். ஆளே காணாமல் போய்விட்டார் என்றால் 1930, இணையக் குற்றப் பிரிவு.

ஓவியரான உங்களுக்கே இது நடந்திருக்கிறது என்றால், படம் எடுத்த விதத்தில்தான் சூட்சுமம். அந்தக் குழுவில் அவர் போட்டதும் நேரே எடுத்த ஒரே ஒரு புகைப்படம்தானே? இப்போது சந்தையில் நிறைய வருவது இந்த அரைகுறை வகைதான். முகமும் உடலும் பிரிண்ட், நகையும் வளைவும் மட்டும் கையால் மக்கு ஏற்றியது. அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, விலை குறைந்த படம், வாங்க ஆள் இருக்கிறது. சொல்லாமல் விற்பதுதான் கோளாறு. அடுத்த தடவை ஏலம் கேட்கும் முன் கண்ணை மட்டும் நெருங்கி ஒரு படம் கேளுங்கள். தூரிகைக் கோடு இழுத்த இடத்தில் தடித்து, விட்ட இடத்தில் மெலியும். பிரிண்ட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் வண்ணம் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். பலகையின் பின்பக்கத்தையும் கேளுங்கள். ரேக்கு தங்கமா, இமிடேஷனா என்பதைப் புகைப்படத்தில் கண்டுபிடிக்க முடியாது. பழையது என்று விற்கிற படத்தில் ரேக்கின் ஓரம் கறுத்தோ பச்சை பாய்ந்தோ இருந்தால் அது 22 காரட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. அதே புகைப்படத்தை இணையத்தில் தேடிப் பார்த்து, வேறு நாலு பேரும் அதையே விற்கிறார்களா என்றும் பாருங்கள். படம் அனுப்பத் தயங்குகிற ஆளிடம் கேட்கவே வேண்டாம்.

கேட்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். தபால் செலவையும் சேர்த்து, இதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று ஒரு தொகையை முதலிலேயே எழுதி வையுங்கள். ஈபே மாதிரி நேரம் வந்ததும் சட்டென்று மூடுகிற ஏலத்தில், அந்தத் தொகையைக் கடைசி நிமிடங்களில் ஒரே தடவையாகப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

உங்கள் குழுவில் நீங்களே ஒருநாள் ஏலம் நடத்துவதாக இருந்தால், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்று விதி வையுங்கள். அமேசான் ஒரு காலத்தில் ஏலம் நடத்தியபோது பத்து நிமிட நீட்டிப்பு வைத்திருந்தது. பொருளாதார அறிஞர்களான ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஒக்கென்ஃபெல்ஸும் அமேசானையும் ஈபேயையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், கடைசி நேரத்தில் வந்து தட்டிப்போகும் பழக்கம் ஈபேயில்தான் அதிகம் என்று தெரிந்தது. ஜெயித்தவர் இரண்டு மணி நேரத்தில் பாதிப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போகும் என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். ‘சும்மா போட்டுப் பார்த்தேன் அக்கா’ என்கிறவர்கள் குழு ஏலத்தில் ஏராளம். அப்புறம், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது அனுப்பினால் உடனே பிளாக் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்வதோ பின் நம்பர் போடுவதோ எந்த யுபிஐயிலும் கிடையாது.

கடிதத்தின் ஓரத்தில், படத்தில் கையெழுத்துப் போடலாமா, சாமி படத்தில் போடுவது மரியாதையா என்று சின்னதாகக் கேட்டிருந்தீர்கள். முன்பக்கம் மனசு ஒப்பாவிட்டால் விடுங்கள். பலகையின் பின்னால், அழியாத மையில், உங்கள் பெயர், ஊர், முடித்த மாதம், ஆண்டு, 22 காரட் ரேக்கு, எந்த வகை வண்ணம், பிரிண்ட் இல்லை என்று எழுதுங்கள். எழுதியதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குப் போகிற கிருஷ்ணரின் பின்னாலும் பெட்டியை ஒட்டுவதற்கு முன் எழுதிவிடுங்கள்.